டயர் சென்சார் செத்துப்போனால் விளக்கை மறைக்காதீர்கள்

கார் மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. டயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளைவு, அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. அது எரிந்தால் காற்று அடிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த விளக்கு இரண்டு விதமாக எரியும், இரண்டுக்கும் பொருள் வேறு. வண்டியை எடுத்ததும் எரிந்து அப்படியே நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. எடுத்ததும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுங்கிவிட்டு அப்புறம் நிலையாக நின்றால் அது காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஏற்பாட்டிலேயே கோளாறு என்கிறது. பெரும்பாலான கார்களில் இதுதான் வழக்கம்.

எங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. எங்கள் கார் 2018-ல் வாங்கியது. மீட்டரில் நான்கு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டும். மூன்று டயருக்கு 230 கிலோபாஸ்கலை (காற்றழுத்த அளவு) ஒட்டி எண் இருக்க, பின்பக்க இடது டயருக்கு மட்டும் இரண்டு கோடுகள் நின்றன. பக்கத்துப் பெட்ரோல் நிலையத்துக்குப் போய்க் காற்றுப் பம்பில் வைத்துப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. விளக்கு மினுங்கினாலும் சரி, நின்று எரிந்தாலும் சரி, முதலில் செய்ய வேண்டியது இதுதான். கையால் ஒரு தரம் அளந்து பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

அதற்கு முன்பே, அந்த டயருக்குள் காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சார் அடையாளம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. மழை பெய்து விடிந்த காலைகளில் கோடு காட்டும். பாலம் தாண்டி பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் வேலைக்குப் போய், சாயங்காலம் வெயிலில் காய்ந்த காரை எடுத்தால் எண் வந்துவிடும். சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி தீரும் நிலையில் குளிர்ச்சி அதற்கு ஆகாது. சூடு ஏறினால் கொஞ்சம் உயிர் வரும். உங்கள் காரிலும் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி காட்டினால், கோளாறு வயரிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் என்று நினைத்துச் செலவு செய்வதற்கு முன் சென்சாரின் வயதைப் பாருங்கள். ஐந்து முதல் பத்து ஆண்டு என்பதுதான் பொதுவாக அதன் ஆயுள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்னச் சின்ன போர்டுகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்து அவை தாங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் அன்றாட வேலை. அதனால் டயருக்குள் இருக்கும் இந்தப் பொருள்மேல் எனக்குத் தனி மரியாதை. கட்டைவிரல் அளவு கறுப்புப் பெட்டி. அதற்குள் அழுத்தத்தை அளக்கும் ஒரு சில்லு, வெப்பத்தை அளக்க ஒன்று, சக்கரம் சுற்றுகிறதா என்று அறிய ஒன்று, ரேடியோ அனுப்ப ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. காசு வடிவத்தில் இருக்கும் அந்தப் பேட்டரியை வைத்து வருடக்கணக்கில் ஓட வேண்டும். அதனால் கார் நிற்கும்போது சென்சார் தூங்கிவிடும். சக்கரம் உருளத் தொடங்கியதும் எழுந்து, நிமிடத்துக்கு ஒரு முறை என்ற அளவில் அழுத்தத்தைச் சொல்லிவிட்டு மறுபடி அடங்கும். காற்று சடாரென்று இறங்கினால் மட்டும் அடிக்கடி சொல்லும்.

பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. யூடியூபில் பெட்டியை அறுத்து, புதுப் பேட்டரியைச் சால்டர் செய்து, பசை ஊற்றி மூடிக் காட்டுகிறார்கள். நான் செய்யமாட்டேன். ஒரு கணக்கைப் பாருங்கள். எங்கள் டயர் 18 இன்ச் ரிம்முக்கானது, டயரின் உயரம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது விநாடிக்குப் பதின்மூன்று சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மில் உட்கார்ந்திருக்கும் சென்சாரை அந்தச் சுழற்சி வெளியே தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல 140 மடங்குக்கு மேல். முப்பது கிராம் பெட்டி அந்த வேகத்தில் நான்கு கிலோவுக்கு மேல் கனக்கிறது. பிரேக் சூடு, வெயில் சூடு, ஈரம் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். தொழிற்சாலையில் அந்தப் பெட்டிக்குள் பிசின் ஊற்றி ஒரே கட்டியாக மூடுவது இதற்காகத்தான். வீட்டில் அறுத்து ஒட்டியதற்கு அந்த உறுதி வராது. என் மேசையில் அப்படி ஒரு போர்டு வந்தால் நான் பாஸ் போடமாட்டேன். என் பிள்ளைகள் உட்காரும் காரில் எப்படிப் போடுவேன்?

முதலில் விசாரித்த டயர் கடையில் வேறு யோசனை சொன்னார்கள். "சென்சாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண ரப்பர் வால்வு போட்டுடலாம்க்கா. விளக்கு எரிஞ்சா எரியட்டும், காடி ஓடும் லா." கார் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கு வலது பக்க டயரில் ஆணி ஏறிக் காற்று இறங்கும்போது அந்தச் செய்தி எனக்கு எப்படித் தெரியும்? நான்கில் ஒன்று செத்ததற்காக நான்கையும் இழப்பதுதான் அது. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் மோசம், நான்கு சென்சாரையும் ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு, காற்றடித்து மூடி, காரின் பின்பெட்டியில் வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. டயர் சப்பையாகிக்கொண்டிருந்தாலும் மீட்டர் எல்லாம் நலம் என்று சொல்லும். அந்தக் காரை விற்றால் வாங்குகிறவர் அதை நம்பித்தானே நெடுஞ்சாலை ஏறுவார்? தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகும் சென்சார்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. சூரிய ஒளியில் ஓடும் சின்னத் திரையை டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்தே இந்த வசதி இல்லாமல் வந்த கார்களுக்கு அது நல்ல பொருள் என்றே நினைக்கிறேன். என் தம்பியின் பழைய காருக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். பேட்டரியையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, வால்வு நீளமான ரப்பராக இருந்தால் வேகத்தில் அந்த எடை அதை வளைத்து வளைத்து அடியில் விரிசல் விழச் செய்யும். உலோக வால்வு போட்டுவிட்டு அதைத் திருகுங்கள். ஆனால் உள்ளேயே சென்சார் இருக்கும் காரில், மீட்டர் விளக்கு அந்த வெளி சென்சாரின் பேச்சைக் கேட்காது. அதனால் எனக்கு அது தீர்வாகாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் காரிலும் டயருக்குள் சென்சார் இருக்காது. சில கார்களில் ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை வைத்தே வேலையை முடித்துவிடுவார்கள். காற்று இறங்கிய டயரின் சுற்றளவு கொஞ்சம் குறைந்து மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அந்த வகையில் எத்தனை கிலோபாஸ்கல் என்று எண் காட்டாது, காற்றடித்த பிறகு செட் பொத்தானை அழுத்தச் சொல்லும். உங்களுடையது அந்த வகையா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் டயருக்குள் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

சென்சார் வாங்குவதில் கவனிக்க வேண்டியது அலைவரிசை. ஐரோப்பாவுக்குச் செய்த கார்களில் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் செய்தவற்றில் பெரும்பாலும் 315. இங்கே மலேசியாவில் நம்மிடம் ரீகண்டிஷன் கார்கள், அதாவது வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்கிய கார்கள், ஏராளம். ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் ஒன்று இங்கே ஷோரூமில் விற்றது, இன்னொன்று ஜப்பானிலிருந்து இறங்கியது. இரண்டுக்கும் ஒரே சென்சார் பொருந்தும் என்று நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடக்கூடாது. கழற்றிய பழைய சென்சாரின் மேலேயே அலைவரிசை அச்சடித்திருக்கும். இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்து, கருவி வைத்து எந்தக் காருக்கும் புரோகிராம் செய்துகொள்ளக்கூடிய பொதுச் சென்சார்களும் உண்டு. ஆட்டெல் போன்ற கம்பெனிகள் சென்சாரையும் செய்கின்றன, அதைப் புரோகிராம் செய்யும் கைக்கருவியையும் செய்கின்றன. நான் போட்டது அந்த வகைதான். அசல் பாகத்துக்குக் காத்திருக்கச் சொன்னார்கள், விலையும் கூட. பொதுச் சென்சாரில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

இரண்டாவதாகப் போன கடை பிறை என்ற ஊர்ப் பக்கம், லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் இருக்கிறது. தௌக்கே (கடை முதலாளி) சீனர், வேலை செய்கிற தம்பி நம்மவர். நான் கேட்பதற்கு முன்பே அந்தத் தம்பி கருவியை எடுத்து ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் பிடித்து அழுத்தினார். கருவி தாழ்ந்த அலைவரிசையில் ஒரு சமிக்ஞை கொடுத்துத் தூங்கும் சென்சாரை எழுப்பும். மூன்று சக்கரம் பதில் சொன்னது. அழுத்தம், வெப்பம், ஐடி, பேட்டரி நிலை எல்லாம் திரையில் வந்தது. நான்காவது பதிலே சொல்லவில்லை. "இது முடிஞ்சிருச்சுக்கா" என்றார். டயரைக் கழற்றுவதற்கு முன்பே இப்படிச் சோதித்துக் காட்டுகிற கடையை நம்பலாம். சோதிக்காமலே நான்கையும் மாற்றுங்கள் என்று சொல்கிற கடையில் காரணம் கேளுங்கள்.

அப்புறம் டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் வேலை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்த இடத்தில்தான் நல்ல சென்சார்கள்கூட உடைகின்றன. காற்றை முழுதாக இறக்கியதும், டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து அழுத்திப் பிரிக்க மெஷினில் ஒரு தட்டு உண்டு. அந்தத் தட்டு வால்வுக்கு நேராக இறங்கினால் உள்ளே இருக்கும் பெட்டி நசுங்கும். தம்பி சக்கரத்தைத் திருப்பி, வால்வு தட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் வருமாறு வைத்தார். திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்துக்கும் அப்படியே. பிறகு மேலே மேசையில் வைத்து இரும்புக் கம்பியால் டயரை நெம்பும்போதும், கம்பியின் முனை சென்சார் பக்கம் போகாமல் ஓர் உள்ளங்கை தூரம் விட்டே நெம்பினார். டயர் மாற்றக் கொடுக்கும்போது "உள்ளே சென்சார் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வால்வு உலோகத்தில், அடியில் நட்டோடு இருந்தால் பெரும்பாலும் உள்ளே சென்சார் இருக்கிறது. ரப்பர் வால்வோடும் சில சென்சார்கள் வரும் என்பதால், வால்வைப் பார்த்து மட்டும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

டயரின் ஒரு விளிம்பு மேலே வந்ததும் உள்ளே கைவிட்டார். வெளிப்பக்க நட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. அலுமினியம் அரித்த தூள். தினமும் கடல்மேல் போய் வருகிற காருக்கு இது வியப்பில்லை. பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை பினாங்கின் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர் தண்ணீருக்கு மேலேயே போகிறது. நட்டு சுற்ற மறுத்தது. கொஞ்சம் எண்ணெய் தெளித்து, காத்திருந்து, மெதுவாக எடுத்தார். அவசரப்பட்டிருந்தால் வால்வுத் தண்டு முறிந்து ரிம் துளையில் மாட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாகச் சொல்ல வேண்டும். வால்வுக்குள் காற்றைப் பிடித்து நிறுத்தும் ஊசி இருக்கிறது அல்லவா, சாதாரண டயருக்கு அது பித்தளை. அலுமினிய வால்வுக்கு நிக்கல் பூசியதுதான் போட வேண்டும், வெள்ளி நிறத்தில் இருக்கும். பித்தளையும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மூடிக்கும் இதே கதைதான். பளபளவென்று அழகாக இருக்கிறது என்று உலோக மூடி வாங்கிப் போடுவார்கள். ஒரு வருடம் கழித்துக் காற்றடிக்கத் திருகினால் மூடியோடு வால்வும் முறிந்து வரும். ஒரு ரிங்கிட்கூட மதிப்பில்லாத பிளாஸ்டிக் மூடிதான் சரி, உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் இன்னும் நல்லது. நான் கூலிமிலிருக்கும் என் அக்கா காரின் குரோம் மூடிகளை அந்த வாரமே கழற்றிப் பிளாஸ்டிக் மூடி போட்டுக் கொடுத்தேன்.

புதுச் சென்சாரை மாட்டுவதற்கு முன் அதற்கு அடையாளம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஐடி உண்டு, பெரும்பாலும் எட்டு எழுத்தில், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து வரும். காரின் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த நான்கு ஐடியை மட்டுமே கேட்கும், பக்கத்தில் போகும் காரின் டயரை நம்முடையது என்று எடுத்துக்கொள்ளாது. இப்போது இரண்டு வழி. புது ஐடியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், அல்லது பழைய சென்சாரின் ஐடியையே புதுச் சென்சாருக்குள் எழுதிவிடலாம். இரண்டாவதைச் செய்தால் கம்ப்யூட்டருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. பழையது உயிரோடிருந்தால் கருவியே ஐடியைப் படித்து எடுத்துக்கொள்ளும். எங்களுடையது செத்துவிட்டதால் மேலே அச்சடித்ததைப் பார்த்துத் தட்ட வேண்டியிருந்தது. எழுத்து பொடி, அதன் மேல் டயர்க் கறுப்பு. துணியால் துடைத்து, நான் போனில் டார்ச் அடிக்க, தம்பி படித்தார். நடுவில் ஓர் எழுத்து எட்டா, பி-யா என்று தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். பி. ஓர் எழுத்து மாறினாலும் அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும். அந்தத் தம்பி என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே எழுது பொத்தானை அழுத்தினார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது, தௌக்கேயிடம் சொல்லிவிட்டே வந்தேன்.

புதுச் சென்சாரோடு ரப்பர் வளையம், வாஷர், நட்டு, ஊசி, மூடி எல்லாம் புதிதாகவே வந்தது. நட்டை இறுக்குவதற்குத் தம்பி சின்ன டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்கும் சாவி, எடுத்தார். சக்கரத்தை மாட்டும் நட்டுகளுக்கு நூறு நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குகிறோம் என்றால் இதற்கு ஒற்றை இலக்கம்தான். சென்சாரோடு வரும் தாளில் எவ்வளவு என்று போட்டிருக்கும். சக்கர நட்டுக்குப் பிடிக்கும் காற்றுத் துப்பாக்கியை இதன் பக்கம் கொண்டுவரவே கூடாது. அதிகமாக இறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் காற்று கசியும், அல்லது தண்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பெட்டி ரிம்மின் மேல் உரசாமல், ஆனால் டயர் ஏறும்போது இடிக்காதபடி தாழ்வாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டயரை ஏற்றினார். காற்றடித்து, வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி இல்லை. கருவியை மறுபடி பக்கத்தில் பிடித்தார். ஐடி வந்தது, 230 வந்தது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று வந்தது. அதற்குப் பிறகு பேலன்சிங். சென்சாரின் எடை மாறியிருக்கும் என்பதால் அதை விடக்கூடாது.

கடையிலிருந்து கிளம்பும்போது மீட்டரில் இன்னும் இரண்டு கோடுதான். பயப்பட வேண்டாம், கொஞ்சம் ஓட்டினால்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் என்று தம்பி சொல்லியிருந்தார். ஜூரு சிக்னலுக்கு வருவதற்கு முன்பே எண் வந்துவிட்டது, விளக்கு அணைந்தது. சில கார்களுக்கு இவ்வளவு எளிதாக இருக்காது. காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓபிடி சாக்கெட்டில் கருவியை மாட்டி நான்கு சக்கரத்தையும் வரிசையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட்டால்கூட சில கார்களில் இந்த வேலை உண்டு. இல்லாவிட்டால் முன் இடதில் காற்று குறைந்தால் பின் இடது என்று காட்டும்.

எண் திரும்பக் கிடைத்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஏனென்றால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் டயரைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டேன். காலையில் வீட்டுவாசலில் 230 காட்டும் டயர், தைப்பிங் தாண்டும்போது 255, 260 காட்டும். காற்று கூடிவிடவில்லை. இருபத்தேழு டிகிரியில் இருந்த அதே காற்று ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாகி விரிந்திருக்கிறது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி, பம்பில் 260 என்று பார்த்ததும் பதறிக் காற்றை 230-க்கு இறக்குகிறவர்களைப் பார்க்கிறேன். மறுநாள் காலை டயர் ஆறியதும் 205-க்குக் கீழே போய் நிற்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருப்பது ஆறிய டயருக்கான அளவு. அதே ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருந்தால், இரண்டாவது ஆள் நிறைய, சாமான் நிறைய ஏற்றும்போது வைக்க வேண்டிய அளவு. தீபாவளிக்கு அம்மா அப்பா, பிள்ளைகள், முறுக்கு டின், பெட்டி படுக்கை என்று ஊருக்குப் போகும்போது அந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். முதல் நாள் இரவே அடித்து வையுங்கள்.

விளக்கு எரியவில்லை என்பதாலேயே காற்று சரியாக இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க விதிப்படி, சொல்லப்பட்ட அளவில் கால் பங்கு குறைந்தால்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். 230 வைக்க வேண்டிய டயர் 180-ல் ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்கு அப்போதுதான் யோசிக்கும். இடைப்பட்ட நிலையில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகிறது. வெடிப்பு அங்கிருந்துதான் வருகிறது, பெரும்பாலும் வேகமாக, நீண்ட நேரம், பாரத்தோடு ஓடும்போது. 2000-ல் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் போன்ற கார்களில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து உயிர்கள் போய், அறுபத்தைந்து லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கினார்கள். அந்த ஆண்டே போட்ட சட்டம்தான் இந்தச் சென்சாரைக் கார்களுக்குள் கொண்டுவந்தது. அங்கே 2007 செப்டம்பரிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். டேப் ஒட்டி மறைக்கும் அந்த மஞ்சள் விளக்குக்குப் பின்னால் அத்தனை குடும்பங்களின் இழப்பு இருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வருகிறது.

பஞ்சருக்கு வால்வு வழியாக ஊற்றும் பசை சென்சாரைக் கெடுக்குமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். நடு வழியில், இருட்டில், பெண் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டால் தயங்காமல் ஊற்றுங்கள், சென்சாரைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டாம். ஆனால் அந்தத் திரவம் சென்சாரின் காற்றுத் துளையை அடைத்துவிடலாம். ஊற்றியிருந்தால் டயர் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே திறந்து துடைப்பார்கள். நைட்ரஜன் அடித்தால் சென்சாருக்கு ஏதாவது ஆகுமா என்றால், ஆகாது. அது அழுத்தத்தை மட்டும்தான் பார்க்கிறது.

சரி, ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? மற்ற மூன்றும் அதே நாளில், அதே தொழிற்சாலையிலிருந்து வந்தவை, அதே தூரம் ஓடியவை. அவையும் ரொம்ப நாள் தாங்காது. டயர்கள் புதிதாக இருந்தால் ஒன்றை மாற்றிவிட்டு மற்றவை போகும்போது பார்க்கலாம். டயரே மாற்றும் நிலையில் இருந்தால் நான்கையும் அப்போதே போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் கழற்றி மாட்டும் கூலியும் பேலன்சிங்கும் எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். எங்கள் டயரில் இன்னும் கொஞ்சம் பூ (மேற்பரப்பு வரிப்பள்ளம்) மிச்சம் இருக்கிறது. கருவியில் மற்ற மூன்றின் பேட்டரியும் இப்போதைக்கு நன்றாக இருப்பதாகவே காட்டியது. அதனால் இந்த ஆண்டு இறுதியில் டயர் மாற்றும்போது அந்த மூன்றையும் மாற்றுவதாக முடிவு. மூன்றுக்கும் பழைய ஐடியைத் தம்பி கருவியிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்தச் சக்கரத்துக்கு எது என்று குறித்து, படம் எடுத்து, தாளைக் காரின் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன். நீங்களும் சென்சார் உயிரோடு இருக்கும்போதே நான்கு ஐடியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு கடையில் மாற்ற நேர்ந்தாலும் அந்தப் பொடி எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.